கையொப்பமிட முன்னர் கேட்க வேண்டியவை: மருத்துவ ஆய்வும் நோயாளரின் சம்மதமும்

போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் மக்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களுக்குக் கணக்கில்லை. நிவாரணப் பதிவு, மீள்குடியேற்றப் பதிவு, வீட்டுத்திட்ட விண்ணப்பம், காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான விபரம் என அவை நீண்டன. இவற்றுக்கு இடையே மருத்துவ ஆய்வுகளுக்கான வினாக்கொத்துகளும் வந்து சேர்ந்தன. நித்திரை வருகிறதா, கனவு காண்கிறீர்களா, குடும்பத்தில் எத்தனை பேரை இழந்தீர்கள் என்று அவை கேட்டன. கேட்கப்பட்டவர்களில் பலருக்கு எது அரச பதிவு, எது உதவிக்கான படிவம், எது ஆய்வு என்ற வேறுபாடு தெளிவாக இருக்கவில்லை. எழுதிக் கொடுத்தால் ஏதாவது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பிலும், மறுத்தால் கிடைப்பதும் நின்றுவிடும் என்ற அச்சத்திலும் கையொப்பங்கள் இடப்பட்டன.

மருத்துவ அறவியல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எதிர்பார்ப்பிலோ அச்சத்திலோ இடப்படும் கையொப்பம் சம்மதம் ஆகாது. இந்த விதி பெரும் அநீதிகளுக்குப் பின்னரே உலகில் எழுதப்பட்டது.

சிகிச்சையும் ஆய்வும் ஒன்றல்ல

சிகிச்சையின் நோக்கம் முன்னால் இருக்கும் நோயாளரைக் குணப்படுத்துவது. ஆய்வின் நோக்கம் பிற்காலத்தில் பலருக்கும் பயன்படக்கூடிய அறிவைத் திரட்டுவது. ஆய்வில் பங்கேற்பவருக்கு நேரடிப் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இரண்டையும் ஒரே வைத்தியசாலையில், ஒரே வெள்ளை அங்கி அணிந்தவர் செய்யும்போது நோயாளர் குழம்புவது இயல்பு. "வைத்தியர் சொல்கிறார், எனவே எனக்கு நல்லதாகத்தான் இருக்கும்" என்று அவர் எண்ணுவார். எனவே, இது சிகிச்சையா ஆய்வா என்பதை முதலில் சொல்ல வேண்டிய கடமை ஆய்வாளருக்கு உரியது.

விதிகள் எப்படிப் பிறந்தன

இரண்டாம் உலகப் போரின்போது நாசி ஜேர்மனியின் வதை முகாம்களில் கைதிகள் மீது மருத்துவப் பரிசோதனைகள் நடத்தப்பட்டன. உறைகுளிர் நீரில் அமிழ்த்துதல், வேண்டுமென்றே நோய் தொற்ற வைத்தல் போன்றவை அவற்றுள் சில. போரின் பின்னர் நியூரம்பேர்க் நகரில் 23 பேருக்கு எதிராக வழக்கு நடந்தது. அவர்களில் 20 பேர் வைத்தியர்கள். 1947 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தபோது 16 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்; 7 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பிலேயே 10 அம்சங்கள் கொண்ட நியூரம்பேர்க் நெறிக்கோவை இடம்பெற்றது. பங்கேற்பவரின் சுயவிருப்பச் சம்மதம் கட்டாயமானது என்பதே அதன் முதல் அம்சம்.

1964இல் உலக மருத்துவ சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. ஆய்வாளருடன் தொடர்பில்லாத குழுவொன்று ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்ற விதி 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. பிரகடனம் பல தடவைகள் திருத்தப்பட்டு, இறுதியாக 2024 ஒக்டோபரில் புதுப்பிக்கப்பட்டது.

ஆனால் விதிகள் எழுதப்பட்ட பின்னரும் மீறல்கள் நிற்கவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற இடத்தில் 1932இல் தொடங்கிய ஆய்வு இதற்குச் சான்று. சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களையும் அந்நோய் இல்லாத 201 பேரையும் அரச பொதுச் சுகாதார சேவை கண்காணித்து வந்தது. தாம் ஒரு ஆய்வில் இருப்பதோ தமக்குள்ள நோய் என்ன என்பதோ அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 1940களில் பெனிசிலின் சிகிச்சை வழமைக்கு வந்த பின்னரும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. 1972இல் ஊடகத்தில் செய்தி வெளிவந்ததாலேயே ஆய்வு நின்றது. 1997இல் ஜனாதிபதி கிளின்டன் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

இதன் விளைவாக 1979இல் வெளிவந்த பெல்மொன்ட் அறிக்கை மூன்று கோட்பாடுகளை முன்வைத்தது. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்பன அவை. ஆய்வின் சுமையை வறியவர்களும் ஒடுக்கப்பட்டவர்களும் சுமக்க, பலனை வசதியுள்ளவர்கள் அனுபவிக்கக்கூடாது என்பதே இங்கு நீதி என்பதன் பொருள்.

நெருக்கடிக்குள் நடந்த ஆய்வு

1996இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பெரும் தொற்றாகப் பரவியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சிகிச்சை வழங்கிக்கொண்டிருந்த அதே வைத்தியசாலையில், பைசர் நிறுவனம் தனது புதிய மருந்தான ட்ரோவனைச் சிறுவர்களில் பரீட்சித்தது. 200 சிறுவர்களில் பாதிப்பேருக்குப் புதிய மருந்தும் ஏனையோருக்கு வழமையான மருந்தொன்றும் கொடுக்கப்பட்டன. 11 சிறுவர்கள் இறந்தனர். இது பரிசோதனை என்பது தமக்குச் சொல்லப்படவில்லை என்று குடும்பங்கள் கூறின. வாய்மூலச் சம்மதம் பெறப்பட்டது என்றும் மரணங்களுக்கு நோயே காரணம் என்றும் நிறுவனம் கூறியது. அறவியல் குழு அனுமதி வழங்கியதாகக் காட்டப்பட்ட கடிதம் பின்னர் தயாரிக்கப்பட்டு முன்திகதியிடப்பட்டது என்பது தெரியவந்தது. 2009இல் கானோ மாநில அரசுடன் 75 மில்லியன் டொலர் இணக்கப்பாடு எட்டப்பட்டது.

பிள்ளை உயிருக்குப் போராடும் வேளையில், மருந்து கொடுக்க வருபவரிடம் "இது என்ன மருந்து?" என்று கேட்கும் நிலையில் எந்தத் தாயும் இருப்பதில்லை. நெருக்கடியில் இருப்பவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இலங்கையிலும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின்னர் இந்தக் கேள்வி எழுந்தது. உதவியோடு ஆய்வாளர்களும் வந்து இறங்கினர். பாதிக்கப்பட்ட மக்களிடம் தரவு சேகரித்துச் செல்வது குறித்து அத்துல சுமதிபால, சிசிர சிறிபத்தன ஆகிய இலங்கை ஆய்வாளர்கள் 2005இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினர். அனர்த்த காலத்திலும் அறவியல் பரிசீலனை தளரக்கூடாது என்பது இத்தகைய விவாதங்களில் வலியுறுத்தப்பட்டது.

உளநலம் தொடர்பாக இன்னொரு பாடமும் உண்டு. பேரதிர்ச்சிக்கு உள்ளானவரை உடனடியாக ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பது நல்லது என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. அது உளநெருக்கீட்டைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்பதை 2002இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு காட்டியது. சிகிச்சையாகச் செய்யப்பட்டதே இப்படியென்றால், வினாக்கொத்தை நிரப்புவதற்காக ஒருவரின் இழப்பைக் கிளறிவிட்டு எழுந்து போவது எவ்வளவு பாரதூரமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அழுபவரை ஆற்றுப்படுத்தவும் தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்பவும் முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும்.

அப்படியானால் ஆய்வே வேண்டாமா?

அப்படியல்ல. 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வு, உளநெருக்கீட்டு அறிகுறிகள் 7 வீதமானோரிடமும், பதகளிப்பு 32.6 வீதமானோரிடமும், மனச்சோர்வு 22.2 வீதமானோரிடமும் காணப்பட்டதாகச் சொன்னது. இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களிடம் பாதிப்பு அதிகம் என்பதும் தெரிந்தது. எமது துன்பம் எண்ணாகப் பதிவாகாவிட்டால், அப்படியொன்று இல்லை என்று சொல்வது மற்றவர்களுக்கு எளிது. உளநல வைத்தியர்களை நியமிக்கச் சொல்லிக் கேட்பதற்கும் இந்த எண்கள் வேண்டும். கேட்கும் முறையும், கேட்டதன் பின் நடப்பதுமே பிரச்சினை.

கிளினிக்கில் சம்மதம்

சம்மதம் ஆய்வுக்கு மட்டும் உரியதல்ல. 2013 ஓகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில், பிள்ளைகளின் கிளினிக்குக்கு என்று அழைக்கப்பட்ட தாய்மாருக்கு நீண்டகாலக் கருத்தடை மருந்து தோலின் கீழ் செலுத்தப்பட்டதாகவும், அவர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டதாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. கருத்தடை முறை பாதுகாப்பானதா என்பது ஒரு கேள்வி. அந்தத் தாய்க்கு அது என்ன என்று தமிழில் விளக்கப்பட்டதா, யோசிக்க நேரம் இருந்ததா, மறுத்தாலும் வைத்தியசாலை தன்னைக் கவனிக்கும் என்ற உறுதி இருந்ததா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு "ஆம்" என்ற பதில் இரண்டாவதற்குப் பதிலாகாது.

வைத்தியர் யாருக்குப் பொறுப்பு?

சித்திரவதையில் வைத்தியர் எவ்விதத்திலும் பங்கேற்கக்கூடாது, அதற்கு உடந்தையாகவும் இருக்கக்கூடாது என்று உலக மருத்துவ சங்கத்தின் 1975ஆம் ஆண்டு டோக்கியோப் பிரகடனம் சொல்கிறது. சித்திரவதைக் காயங்களைப் பரிசோதித்து ஆவணப்படுத்தும் முறையை 1999இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை விளக்குகிறது. 2022இல் அது புதுப்பிக்கப்பட்டது. தடுத்து வைக்கப்பட்டவரைப் பொலிஸார் அருகில் நில்லாமல் தனிமையில் பரிசோதிக்க வேண்டும் என்பது அதன் முக்கிய விதிகளில் ஒன்று. சட்ட வைத்திய அதிகாரி முன் கொண்டுசெல்லப்படுபவர் அந்தத் தனிமையைக் கேட்கலாம்.

மறுபுறத்தில் வைத்தியரின் கடமைக்கே விலை கொடுக்க நேர்ந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். இறுதிப் போரின்போது வன்னியில் பணியாற்றி, காயமடைந்தவர்களின் விபரத்தை வெளியுலகுக்குச் சொன்ன அரச வைத்தியர்கள் 2009 மே மாதத்தில் தடுத்து வைக்கப்பட்டனர். தடுப்பில் இருந்தபடியே யூலை மாதத்தில் கொழும்பில் ஊடகவியலாளர் முன் நிறுத்தப்பட்ட அவர்கள், தாம் முன்னர் சொன்ன எண்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்று கூறினர். தடுப்பில் உள்ளவரின் கூற்றைச் சுதந்திரமான கூற்றாகக் கொள்ள முடியாது. நோயாளரின் சம்மதத்துக்கும் இதே அளவுகோல்தான்.

இலங்கையில் உள்ள ஏற்பாடுகள்

யாழ்ப்பாணம் உட்பட மருத்துவ பீடங்களில் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் அறவியல் மீளாய்வுக் குழுக்கள் உள்ளன. மருந்துப் பரீட்சார்த்தங்கள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இலங்கை மருத்துவ சங்கத்தின் மருந்துப் பரீட்சார்த்தப் பதிவேடு 2006இல் தொடங்கப்பட்டது. பதிவுபெற்ற வைத்தியரின் தொழில்சார் நடத்தை பற்றி இலங்கை மருத்துவ சபையிடம் முறையிடலாம். ஒருவரின் மருத்துவப் பதிவுகளை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மூன்றாம் நபர் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இடமளிப்பதில்லை. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. எனவே தமிழில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பதல்ல.

என்ன கேட்கலாம்?

வினாக்கொத்துடன் அல்லது படிவத்துடன் எவரும் வந்தால் பின்வருவனவற்றைக் கேட்பது உங்கள் உரிமை.

1. இது சிகிச்சையா, உதவிப் பதிவா, ஆய்வா?
2. யார் நடத்துகிறார்கள்? பணம் எங்கிருந்து வருகிறது?
3. எந்த அறவியல் குழு அனுமதித்தது? அனுமதி இலக்கம் என்ன?
4. எனக்கு என்ன பலன், என்ன ஆபத்து?
5. மறுத்தால், அல்லது இடையில் விலகினால் எனது சிகிச்சையோ உதவியோ பாதிக்கப்படுமா?
6. எனது பெயரும் நான் சொல்வதும் யாரிடம் இருக்கும்? படையினரோ பொலிஸாரோ கேட்டால் கொடுப்பீர்களா?
7. இரத்தம் அல்லது வேறு மாதிரி எடுத்தால் அது எங்கு போகும், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?
8. முடிவுகளை எமக்குத் தமிழில் சொல்வீர்களா?
9. பிரச்சினை வந்தால் யாருடன் தொடர்புகொள்வது?

கிராம அலுவலரோ, நிறுவன உத்தியோகத்தரோ அருகில் நின்றால், தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லலாம். படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி வைக்கலாம். வீட்டாருடன் கலந்து பேசிவிட்டு நாளை பதில் சொல்கிறேன் என்று சொல்லலாம். வாசிக்கத் தெரியாதவர், ஆய்வுக் குழுவைச் சாராத ஒருவரைச் சாட்சியாக வைத்து வாசித்துக் காட்டச் சொல்லலாம். பிள்ளைகளின் விடயத்தில் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் அனுமதி வேண்டும். விளங்கக்கூடிய வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும்.

நேர்மையான ஆய்வாளர் இந்தக் கேள்விகளால் கோபப்படமாட்டார். அவருடைய அறவியல் விண்ணப்பத்திலேயே இவற்றுக்கான பதில்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும். பதில் சொல்லத் தயங்குபவரிடம் படிவத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்.