சாயம் வெளுத்த ராத்கோவும் அம்மாவோட கூறைப்புடவையும்

போன மாசம் ஊருக்குப் போனப்ப அம்மா ஒரு ஆணி புடுங்கச் சொன்னாங்க. ஹாலில் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிற அவங்க கல்யாண போட்டோவை "கம்ப்யூட்டர்ல போட்டு சரி பண்ணுடா"ன்னு. அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை இத்தனை வருச வெயிலில் வெளுத்து, நீலமா சாம்பலான்னே தெரியாத ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. (அப்பாவோட மீசைக்கு மட்டும் ஒண்ணும் ஆகலை :-))

ஸ்கேன் பண்ணியாச்சு. ஆனா எந்தச் சிவப்பைக் கொண்டு வர்றது? நானும் நாலஞ்சு சிவப்பு போட்டுக் காட்டினேன். எல்லாத்துக்கும் உதட்டைப் பிதுக்கினாங்க. கடைசியில் பீரோவைத் திறந்து அந்தப் புடவையையே எடுத்து என் மடியில் போட்டாங்க. "இதான்டா கலரு."

அப்ப எனக்கு மார்க் ராத்கோ ஞாபகம் வந்தார்.

ராத்கோ ஓவியத்தை முதல்ல பார்த்தப்ப எல்லாரையும் போல நானும் "எங்க வீட்டுக்கு வெள்ளையடிக்க வர்றவரே இதைவிட நல்லா அடிப்பாரே"ன்னுதான் நினைச்சேன். பெரிய துணி, அதில் மேலும் கீழுமா ரெண்டு மூணு வண்ணக் கட்டம், ஓரமெல்லாம் கலைஞ்ச மாதிரி. அவ்வளவுதான். இதுல என்ன கதை இருக்கு?

கதையில் இருந்துதான் அவர் ஆரம்பிச்சார். 1903ல் அன்றைய ரஷ்யப் பேரரசின் ட்வின்ஸ்க் நகரத்தில் (இன்றைய லாட்வியா) யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1913ல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகருக்கு வந்தார். அடுத்த வருசமே அப்பா காலமாயிட்டார். யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டம் வாங்காமலே வெளியேறினார். 1930களில் அவர் வரைந்தது மனிதர்களை. சுரங்க ரயில் நிலையத்தில் தூண்களோட தூணா, பக்கத்துப் பக்கத்துல நின்னும் பேசிக்காத மனிதர்கள். 1940களின் முதல் பாதியில் கிரேக்கப் புராணங்களுக்குப் போனார். அப்புறம் உருவமெல்லாம் ஒவ்வொண்ணா கரைந்து, 1950 வாக்கில் வெறும் வண்ணம் மட்டும் மிஞ்சியது.

ஆனா தன்னை "வண்ண ஓவியர்"னு சொன்னா அவருக்குப் பிடிக்காது. துயரம், பரவசம், அழிவு மாதிரி அடிப்படையான மனித உணர்ச்சிகள்தான் தன் விஷயம்னு சொன்னார். கதாபாத்திரங்களை எடுத்துட்டு நாடகத்தை மட்டும் வெச்சுக்கிட்டார்னு சொல்லலாம். அப்ப அந்த நாடகத்துல நடிக்கிறது யார்? எதிரே நிற்கிற நாமதான். அதனால்தான் ஓவியத்தைத் தாழ்வா மாட்டணும், வெளிச்சம் குறைவா இருக்கணும், கிட்டே வந்து நிக்கணும்னு அவ்வளவு பிடிவாதம்.

1958ல் நியூயார்க் சீக்ராம் கட்டடத்தின் ஃபோர் சீசன்ஸ் உணவகத்துக்கு ஓவியம் வரைய ஒரு பெரிய ஒப்பந்தம் கிடைச்சது. வரைஞ்சார். உணவகம் திறந்த பிறகு மனைவியோட போய் ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்தார். இப்படிக் காசு கொடுத்துச் சாப்பிட வர்றவன் எவனும் தன் ஓவியத்தை ஏறிட்டுப் பார்க்கப் போறதில்லைன்னு முடிவு பண்ணி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டார். அவரோட இந்த வீராப்புக் கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அடுத்து நடந்தது அவ்வளவா தெரியாது.

கொஞ்ச நாளில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் கேட்டதும் ஒத்துக்கிட்டார். ஹோலியோக் சென்டர் கட்டடத்தின் பத்தாவது மாடி. அங்கேயும் சாப்பாட்டு அறைதான்! படிச்சவங்க பார்ப்பாங்கன்னு நம்பியிருக்கலாம். ஆறு ஓவியம் வரைஞ்சு அதில் அஞ்சு 1964ல் மாட்டினாங்க. கிறிஸ்துவின் பாடுகளும் உயிர்த்தெழுதலும்தான் உள்ளே இருக்கிற கதைன்னு பல்கலைக்கழகத் தலைவரிடம் அவரே சொன்னதா பதிவாகியிருக்கு.

அறையில் பெரிய பெரிய ஜன்னல்கள். திரைச்சீலையை மூடியே வைக்கணும்னு ஏற்பாடு. ஆனா பத்தாவது மாடியில் உட்கார்ந்து சாப்பிடுறவங்களுக்கு வெளியே வேடிக்கை பார்க்கணுமே! திரையைத் திறந்தாங்க. வெயில் உள்ளே வந்தது. ராத்கோ கையால் கலந்த பெயிண்டில் லித்தால் ரெட்னு ஒரு நிறமி இருந்தது. வெளிச்சத்துக்குத் தாங்காத சிவப்பு. கருஞ்சிவப்பு மெல்ல மெல்ல வெளிறி நீலமாச்சு, ஜன்னலுக்குப் பக்கத்துல இன்னும் வேகமா. மேல சாப்பாட்டுக் கறை, நாற்காலி இடிச்ச தடம் வேற. தப்பு ரெண்டு பக்கமும்தான். அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தது அவர், திரையைத் திறந்தது அவங்க.

1970 பிப்ரவரி 25ல் ராத்கோ தற்கொலை செஞ்சுக்கிட்டார். உணவகத்துக்குக் கொடுக்க மாட்டேன்னு வெச்சிருந்ததுல ஒன்பது ஓவியங்கள் லண்டன் டேட் காலரிக்கு வந்து சேர்ந்ததும் அதே நாள்தான். ஹார்வர்ட் ஓவியங்களை 1979ல் கழற்றி இருட்டு அறையில் பூட்டி வெச்சாங்க.

மேல பூசிச் சரிபண்ண முடியாது. பூசினா அது ராத்கோ இல்லை. 2014ல் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. நம்ம துறை இங்கேதான் வருது. 1964ல் எடுத்த கலர் ஸ்லைடுகள் இருந்தது. கொடுமை என்னன்னா அதுவும் வெளுத்துப் போயிருந்தது. அதை டிஜிட்டலா மீட்டாங்க. அந்த அறையில் மாட்டாததால் வெயில் படாம தப்பிச்ச ஆறாவது ஓவியத்தை வெச்சு நிறத்தைச் சரிபார்த்தாங்க. அப்புறம் இருக்க வேண்டிய நிறத்துக்கும் இப்ப இருக்கிற நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிக்சல் பிக்சலா கணக்குப் போட்டு, அந்த வித்தியாசத்தை மட்டும் ப்ரொஜெக்டரால் ஓவியத்து மேல அடிச்சாங்க. சிம்பிளா சொன்னா ஒரு கழித்தல் கணக்கு. 20 லட்சம் பிக்சலுக்கு மேல. துணியை யாரும் தொடலை, சிவப்பு திரும்பி வந்துச்சு.

என்னை உலுக்கினது இது இல்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ப்ரொஜெக்டரை அணைச்சுடுவாங்களாம். சிவப்பு போய், வெளுத்த நீலம் கண் முன்னாடி நிற்கும். அதைப் பார்க்கறதுக்குன்னே மக்கள் வந்து நின்னாங்களாம். அறுபதுகளில் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டும் நிமிர்ந்து பார்க்காத ஓவியத்தை, நிறம் போறதைப் பார்க்கக் காத்திருந்து பார்த்திருக்காங்க. ராத்கோ கேட்டது அந்த மாதிரி ஒரு பார்வையைத்தான்னு எனக்குத் தோணுது. சுரங்க ரயில் மனிதர்களும் பக்கத்துல நின்னுட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமத்தானே இருந்தாங்க?

அம்மா போட்டோவை ஒரு வழியா புடவையைப் பார்த்துப் பார்த்துச் சரி பண்ணி, புதுசா பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். "நல்லாருக்குடா"ன்னு சொல்லிட்டு அதைப் பீரோவில் வெச்சாங்க. சுவரில் பழையது அப்படியே இருக்கு. ஏம்மான்னு கேட்டா, "அதுதான் எங்களை இத்தனை வருசமா பார்த்துக்கிட்டு இருக்கு"ன்றாங்க.

நான் ஒண்ணும் சொல்லலை. ஜன்னலுக்கு ஒரு திரை மட்டும் வாங்கிப் போட்டுட்டு வந்தேன்.

பி.கு: இப்பவும் அதைத் திறந்துதான் வெச்சிருக்காங்களாம், காத்து வரலையாம் :-(