ஆயுஷ்மான் பாரத்: காப்பீடு எட்டும் எல்லையும் எட்டாத இடங்களும்

2008இல் தொடங்கப்பட்ட தேசிய நலக் காப்பீட்டுத் திட்டம், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்றது. 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு அத்தொகையை 5 லட்சமாக உயர்த்தியது. குடும்ப உறுப்பினர் எண்ணிக்கைக்கான வரம்பை நீக்கியது. ஏற்கெனவே இருந்த நோய்களையும் உள்ளடக்கியது. இவை மெய்யான முன்னேற்றங்களே. எனினும் இத்திட்டம் யாரை ஏற்கிறது, எச்செலவை ஏற்கிறது என்னும் இரு கேள்விகளைத் தலித் மக்களின் நிலையிலிருந்து எழுப்ப வேண்டியுள்ளது.

முதலாவது, தகுதி. தொடக்கத்தில் பயனாளிகளை அடையாளம் காண 2011 சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பே அடிப்படையாக அமைந்தது. ஊரகப் பகுதியில் பட்டியல் சாதி அல்லது பழங்குடிக் குடும்பமாக இருப்பது தகுதிகளுள் ஒன்று. ஆனால் மோட்டார் சைக்கிளோ குளிர்சாதனப் பெட்டியோ வைத்திருந்த குடும்பம் கணக்கெடுப்பின் முதற்கட்டத்திலேயே விலக்கப்பட்டதால், அதற்குச் சாதி அளவுகோல் பயன்படவில்லை. நகர்ப்புறத்தில் அந்த அளவுகோலே இல்லை. குப்பை சேகரிப்போர், தூய்மைப் பணியாளர், வீட்டுவேலை செய்வோர் உள்ளிட்ட 11 தொழில் பிரிவுகளே கணக்கில் கொள்ளப்பட்டன. சாதிக் கொடுமையிலிருந்து தப்பி நகரத்துக்குப் பெயர்ந்த குடும்பத்தின் சாதி, தகுதிப் பட்டியலில் மட்டும் மறைந்துபோகிறது.

இரண்டாவது, செலவு. காப்பீடு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டோருக்கானது. அனுமதிக்கு முந்தைய 3 நாட்கள், வீடு திரும்பிய பின் 15 நாட்கள் ஆகியவற்றின் செலவையே கூடுதலாக ஏற்கும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆண்டுக்கணக்கில் வாங்கும் மாத்திரைகள், பரிசோதனைகள், பேருந்துக் கட்டணம், இழந்த நாட்கூலி யாவும் இதற்கு வெளியே நிற்கின்றன. கூலித் தொழிலாளியைக் கடனில் தள்ளுபவை பெரும்பாலும் இத்தகைய தொடர்செலவுகளே. இவற்றைக் குறைக்க வல்லவை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமும் அங்கே கிடைக்கும் இலவச மருந்தும்தான்.

இங்கே சட்டத்தின் நிலை தெளிவானது. உரிய நேரத்தில் அரசு மருத்துவமனை சிகிச்சை தர மறுப்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்றும், நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அரசு இக்கடமையைத் தட்டிக்கழிக்க இயலாது என்றும் 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பீட்டின் விதிகளை அரசு மாற்றலாம். அட்டை இல்லாதவருக்கும் இந்த உரிமை உண்டு.

ஆகவே களப்பணியில் இரண்டையும் சேர்த்தே முன்னெடுக்க வேண்டும். தகுதியை 14555 என்ற கட்டணமில்லா எண்ணில் சரிபார்க்கலாம். பட்டியலில் உள்ள மருத்துவமனை பணம் கேட்டால், இரசீதுடன் மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்துமூலம் முறையிடலாம். அதேவேளை, சேரிக்கு அருகில் மருத்துவரும் மருந்தும் உள்ள அரசு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கையை அட்டை வழங்கும் முகாம்கள் மறக்கடித்துவிடக் கூடாது.