நரம்புத் துடிப்பும் செல்லின் ஆற்றலும்

நரம்புத் துடிப்பு என்பது நரம்புச் செல்லின் நீண்ட இழை நெடுக ஓடிச் செய்தி கொண்டுசெல்லும் மின்மாற்றம். இழையின் எந்த ஓர் இடத்திலும் அது ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடிதான் நிலைக்கும். நரம்பில் ஓடுவது எது என்பது ஒரு கேள்வி. அதற்கான ஆற்றலைச் செல் எங்கிருந்து எடுக்கிறது என்பது இன்னொன்று. இவ்விரு கேள்விகளையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு கருவிகளோடு ஆராய்ந்தார்கள். 1950களில்தான் அவை ஓரிடத்தில் வந்து சேர்ந்தன.

இத்தாலியின் போலோஞா நகரைச் சேர்ந்த லூயிஜி கால்வானி, தவளைக் கால்களில் தாம் செய்த சோதனைகளை 1791-இல் வெளியிட்டார். உயிர்த்திசுவிலேயே மின்சாரம் இருக்கிறது என்பது அவர் முடிவு. அலெசாண்ட்ரோ வோல்ட்டா இதை மறுத்தார். இரு வேறு உலோகங்கள் தொடுவதால் வரும் மின்சாரமே தவளைக் காலைத் துடிக்கவைக்கிறது என்றார். அந்த விவாதத்தின் தொடர்ச்சியாகவே 1800-இல் அவருடைய மின்கல அடுக்கு பிறந்தது. வோல்ட்டா வென்றார், கால்வானி தோற்றார் என்று பல நூல்கள் சுருக்கிச் சொல்வது நியாயமன்று. உலோகமே இல்லாமல், நரம்பைத் தசையோடு நேரடியாகத் தொடவைத்தும் கால் துடிப்பதைக் கால்வானி 1794-இல் காட்டிவிட்டார்.

நரம்புச் செய்தியின் வேகத்தை மனிதனால் ஒருபோதும் அளக்க முடியாது என்று ஜெர்மானிய உடலியலாளர் யோகனஸ் முல்லர் கருதினார். அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் அதை அளந்தார். தவளையின் நரம்பைத் தசைக்கு அருகில் ஒரு முறையும் தொலைவில் ஒரு முறையும் தூண்டினார். தசை சுருங்கப் பிடித்த நேரங்களின் வித்தியாசத்திலிருந்து வேகத்தைக் கணக்கிட்டார். விநாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். கம்பியில் பாயும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் இது மிகமிக மெதுவானது. ஆகவே நரம்பு வெறும் கம்பியாக இருக்க முடியாது.

1902-இல் யூலியஸ் பெர்ன்ஸ்டைன் ஒரு விளக்கம் தந்தார். ஓய்வில் இருக்கும் செல்லின் சவ்வு பொட்டாசியம் அயனிகளை மட்டும் கசியவிடுகிறது. அதனால் உட்புறம் எதிர்மின்னாக இருக்கிறது. துடிப்பின்போது அந்தத் தடை நொடியில் தளர்ந்துவிடுகிறது. அதே ஆண்டு எர்னஸ்ட் ஓவர்ட்டன், சோடியம் இல்லாத கரைசலில் தவளைத் தசை தூண்டலுக்கு இணங்காமல் போவதைக் கண்டார். துடிக்கும்போதெல்லாம் சோடியம் உள்ளே போய்ப் பொட்டாசியம் வெளியே வருமானால், எழுபது ஆண்டு துடிக்கும் இதயத்தில் இரண்டும் கலந்து சமமாகிவிடாதது ஏன் என்றும் அவர் கேட்டார். இந்த வரலாற்றிலேயே ஆழமான கேள்வி இதுதான். அரை நூற்றாண்டு அதற்குச் சரியான விடை கிடைக்கவில்லை.

ஆற்றல் ஆய்வின் பாதை வேறு. துடிப்பு ஓடும்போது நரம்பில் வெப்பம் பிறக்கிறதா என்று ஆர்ச்சிபால்ட் ஹில் 1912-இல் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. நுட்பமான கருவிகளோடு 1926-இல் அவரும் கூட்டாளிகளும் மீண்டும் அளந்தபோது மிகச் சிறிய வெப்பம் தெரிந்தது. அதில் பெரும்பகுதி, துடிப்பு ஓடி முடிந்த பிறகு பல நிமிடங்கள் வரை மெல்ல வெளிவந்தது. 1929-இல் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி கண்டறியப்பட்டது. ஜெர்மனியில் கார்ல் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லப்பிரகட சுப்பாராவும் தனித்தனியே அதைக் கண்டார்கள். சுப்பாராவ் ஆந்திரத்தின் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா சென்றவர். அவருக்குக் கிடைத்த புகழ் அவர் பணிக்கு ஈடானதல்ல.

நரம்பின் உள்ளே நேரடியாக அளக்க வழி செய்தது ஊசிக்கணவாய். அதன் உடலில் அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடித்த நரம்பிழை இருப்பதை ஜே. இசட். யங் 1936-இல் எடுத்துக்காட்டினார். 1939 கோடையில் இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வு நிலையத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அந்த இழையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, உள்ளே பாதரசத் துளி எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று பார்க்க முயன்றார்கள். துளி இறங்கவில்லை, உள்ளே இருந்தது கூழ் போல இறுகியிருந்தது. ஆனால் தொங்கும் இழைக்குள் மெல்லிய மின்முனையை நேராகச் செலுத்தலாம் என்பது அப்போது புலப்பட்டது. துடிப்பின் உச்சத்தில் உட்புறம் சுழியோடு நிற்காமல், 40 மில்லிவோல்ட் அளவுக்கு நேர்மின்னாக மாறியது. பெர்ன்ஸ்டைன் விளக்கத்துக்குள் இது அடங்கவில்லை. சில வாரங்களில் உலகப் போர் மூண்டது, ஆய்வும் நின்றது.

போருக்குப் பின், உள்ளே பாய்வது சோடியம் என்பதை 1949-இல் ஹாட்ஜ்கினும் பெர்னார்ட் காட்ஸும் காட்டினார்கள். சவ்வின் மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து நிறுத்த கென்னத் கோல் உருவாக்கிய முறையைப் பயன்படுத்தி, அயனிப் பாய்ச்சலை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் சமன்பாடுகளாக்கினார்கள். அவை 1952-இல் வெளியாயின. கேம்பிரிட்ஜ் கணினி அப்போது பயன்பாட்டில் இல்லாததால், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கு இயந்திரத்தில் நாள்கணக்கில் கணக்கிட்டார். துடிப்பின் வேகம் விநாடிக்கு 18.8 மீட்டர் என்று கணக்கில் வந்தது. உண்மை இழையில் அளந்தது 21.2 மீட்டர்.

ஓவர்ட்டனின் கேள்விக்கு விடை நஞ்சுச் சோதனைகளில் கிடைத்தது. ஹாட்ஜ்கினும் ரிச்சர்ட் கெய்ன்ஸும் 1955-இல், செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தடுக்கும் சயனைடு போன்ற நஞ்சுகளைக் கணவாய் நரம்பிழைக்குக் கொடுத்தார்கள். சோடியம் வெளியேறுவது நின்றது. துடிப்போ தொடர்ந்து ஓடியது. மேல்நிலைத் தொட்டி நிறைந்திருந்தால் மின்சாரம் போன பிறகும் குழாயில் தண்ணீர் வருமே, அது போன்றது இது. பெரிய இழையில் ஒரு துடிப்புக்கு வெளியேறுவது, உள்ளிருக்கும் பொட்டாசியத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். 1961-இல் பீட்டர் பேக்கர் முதலியோர் இழையின் உட்பொருளைப் பிதுக்கி எடுத்துவிட்டு வெறும் பொட்டாசிய உப்புக் கரைசலை நிரப்பினார்கள். அந்த வெற்றுக்குழலிலும் லட்சக்கணக்கான துடிப்புகள் ஓடின. ஏடிபி செலவாவது துடிப்பை ஓட்ட அல்ல, அயனிகளைப் பழைய இடத்துக்குத் திருப்பித் தள்ளவே. ஹில் கண்ட தாமத வெப்பத்தின் பொருளும் அப்போது விளங்கியது.

அப்படித் தள்ளும் புரதத்தை டென்மார்க்கின் ஆர்ஹூஸில் யென்ஸ் ஸ்கௌ 1957-இலேயே அடையாளம் கண்டிருந்தார். மரப்பு மருந்துகளை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், நண்டுக்கால் நரம்பின் சவ்வுத் துணுக்குகளில், சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்திருக்கும்போது ஏடிபியை மும்முரமாகச் சிதைக்கும் நொதியைக் கண்டார். அதுவே சோடியம்-பொட்டாசியம் பம்பு. ஒரு ஏடிபிக்கு மூன்று சோடியம் வெளியே போகிறது, இரண்டு பொட்டாசியம் உள்ளே வருகிறது.

ஏடிபி பிறப்பதும் சவ்வின் இருபுற வேறுபாட்டால்தான் என்று 1961-இல் பீட்டர் மிட்செல் முன்வைத்தார். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாண்டி வெளியே தள்ளப்பட்ட புரோட்டான்கள் திரும்பப் பாயும் விசை ஏடிபியை உருவாக்குகிறது. பல ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகு 1978-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1997-இன் வேதியியல் பரிசில் ஒரு பாதி, ஏடிபி உருவாகும் விதத்தை விளக்கிய பால் போயருக்கும் ஜான் வாக்கருக்கும், மறு பாதி ஸ்கௌவுக்கும் போனது. துடிப்பின்போது அயனிகள் சவ்வைக் கடக்கும் அயனி வாயில் ஒன்றன் வழியே பாயும் மின்னோட்டத்தை 1976-இல் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் தனியே அளந்தார்கள். பொட்டாசிய வாயிலின் வடிவத்தை 1998-இல் ராடரிக் மெக்கின்னன் வெளிக்கொணர்ந்தார்.

மனித மூளை உடல் எடையில் 2 சதவீதம். ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. அதில் பெரும்பங்கைச் சோடியம்-பொட்டாசியம் பம்புகள் எடுத்துக்கொள்கின்றன. பக்கவாதத்தில் ரத்தக்குழாய் அடைபட்டால் சில நிமிடங்களில் ஏடிபி தீர்ந்து பம்பு நிற்கிறது. சோடியமும் அதன் பின்னே நீரும் புகுந்து செல் வீங்குகிறது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் செலுத்த மருத்துவர்கள் விரைவதற்கு இதுவே காரணம்.