சேர்வராயன் மலையில் முடிந்த ஓர் ஆசிரியரின் பயணம்



சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறிச் செல்லும்போது, நாம் ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் நினைக்கிறோம். தாய்நாட்டை விட்டு நெடுந்தூரம் வந்து கற்பித்த ஓர் ஆசிரியர் தம் இறுதி மூச்சை விட்ட இடமும் அதுவே. அவர் பீட்டர் பெர்சிவல். 1882-ஆம் ஆண்டில் ஏற்காட்டில் மரித்தார். இவ்வாரம் அவரைக் குறித்துச் சிந்திப்போம். நம் சபையிலும் பிள்ளைகளை ஆசிரியப் பணிக்காக மாலத்தீவுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பிவிட்டு ஜெபத்தோடு காத்திருக்கும் பெற்றோர் உண்டல்லவா?

இங்கிலாந்தில் பிறந்த பெர்சிவல், 1826-இல் வெஸ்லியன் மிஷன் ஊழியராக யாழ்ப்பாணம் வந்தார். அந்நாளில் கடல் கடந்து கற்பிக்க வருவோரின் முதல் ஆபத்து நோய்தான். உடுவிலில் 1824-இல் பெண்களுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கிய அமெரிக்க அம்மையார் ஹாரியட் வின்ஸ்லோ 1833-இல் அங்கேயே மரித்தார். சேலத்தில் 1827-இல் லண்டன் மிஷன் ஊழியத்தைத் தொடங்கிய ஹென்றி கிறிஸ்ப், நான்கே ஆண்டுகளில், 1831-இல், கண்மூடினார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கு ரொனால்ட் ராஸ் 1897-இல் சான்று காணும்வரை, காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்றே எவரும் அறியார். குளிர்ந்த மலைக்கு ஏறுவதே அவர்கள் அறிந்த மருத்துவம்.

பெர்சிவலுக்கு நீண்ட ஆயுள் கிடைத்தது. ஆனால் வேறொரு விதமான இழப்பு அவருக்குக் காத்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் அவர் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் பயின்று, பின்பு அங்கேயே ஆசிரியரும் ஆனவர் ஆறுமுகம் என்னும் சைவ இளைஞர். பிற்காலத்தில் நாவலர் என்று தமிழுலகம் போற்றியவர் அவரே. பெர்சிவல் தம் மாணவரையே தமிழில் தமக்குத் துணையாகக் கொண்டார். இருவரும் பல ஆண்டுகள் ஒரே மேசையில் அமர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கினர். அம்மொழிபெயர்ப்பைத் தமிழறிஞரின் பார்வைக்கு வைக்கச் சென்னைக்கும் சேர்ந்தே பயணம் செய்தனர்.

1848-இல் அந்த மாணவர் மிஷன் பள்ளியை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்காகத் தனிப் பள்ளி தொடங்கினார். மிஷன் பள்ளிகளுக்கு எதிர்நிற்கும் இயக்கமாக அது வளர்ந்தது. ஆசிரியரிடம் கண்ட பள்ளி முறையும் அச்சுப் பணியும் மாணவரின் கையில் தம் சமயத்தைக் காக்கும் கருவிகளாயின. பிரியமானவர்களே, மாணவர் செய்தது துரோகமன்று. தம் மனச்சாட்சிக்கு உண்மையாய் நடந்தார். ஆயினும் ஆசிரியரின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் அடி சொந்தச் சபையிலிருந்தே வந்தது. 1850-இல் அந்த மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது, ஃபப்ரீஷியஸ் ஐயரின் வேதாகமத்தில் பழகிய தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. பழகிய சொற்கள் மாறியிருந்தன. நடை அந்நியமாய்த் தோன்றியது. பல ஆண்டு உழைப்பு ஒதுக்கப்பட்டது.

அவர் கசந்துபோய்த் தாய்நாட்டிலேயே தங்கிவிடவில்லை. வெஸ்லியன் மிஷனை விட்டு ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்த பின்பும் சென்னையில் பணியைத் தொடர்ந்தார். 1855-இல் ‘தினவர்த்தமானி’ என்னும் இதழைத் தொடங்கினார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பதிவாளராகவும் விளங்கினார். நம் பாட்டிமார் வாயில் வழங்கிய பழமொழிகளை ஆறாயிரத்துக்கும் மேலாகத் திரட்டி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1874-இல் வெளியிட்டார். கற்பிக்க வந்தவர் கடைசிவரை கற்பவராகவும் இருந்தார்.

ஒதுக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் வீணாகவில்லை. ஃபப்ரீஷியஸ் ‘பராபரன்’ என்று எழுதிய இடத்தில் பெர்சிவலின் மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த வேதாகமமும் அச்சொல்லையே ஏற்றது. அதைத்தான் நாம் இன்றும் ஆராதனையில் வாசிக்கிறோம். அடுத்த ஞாயிறு வேதபாடம் வாசிக்கையில் ‘தேவன்’ என்று உச்சரிக்கும்போது, ஏற்காட்டில் மரித்த அந்த ஆசிரியரை ஒரு கணம் நினையுங்கள்.

அயல்நாட்டுக்குக் கற்பிக்கச் செல்வோர்க்கு இன்றும் ஆபத்துகள் உண்டு. ஆகவே விசுவாசத்தோடு விவேகமும் வேண்டும். அழைக்கும் முகவர் இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குச் செல்லாதீர்கள். ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்து, ஒரு படியை வீட்டில் வைத்துச் செல்லுங்கள். கடவுச்சீட்டைப் பிறர் கையில் ஒப்படைத்துவிடாதீர்கள். இவற்றைக் கேட்டறிவது அவிசுவாசமன்று.

ஆனால் எந்த ஒப்பந்தமும் காக்க முடியாத ஆபத்து ஒன்று உண்டு: நாம் கொடுத்தது ஏற்கப்படாமற் போவது. தூரதேசத்தில் மட்டுமன்று, நம் ஊர் வகுப்பறையிலும் ஞாயிறு பள்ளியிலும் அது நேரும். பவுல் நட்டார், அப்பொல்லோ நீர் பாய்ச்சினார். விளைச்சலோ அவர்கள் கையில் இருக்கவில்லை. இவ்வாரம் உங்களுக்குக் கற்பித்த ஓர் ஆசிரியரை, நீங்கள் அவர் எண்ணியபடி வளராமற் போயிருந்தாலும், தேடிச் சென்று நன்றி சொல்லுங்கள். தூரத்தில் கற்பித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஜெபத்தில் நினையுங்கள்.

கர்த்தர் அவர்களைக் காத்து நடத்துவாராக. ஆமென்.