அண்ணன் தடுத்தார், தம்பி எம்பினான்

கூடைப்பந்து என்றதும் நம் கண்ணுக்கு முதலில் வருவது ஜம்ப் ஷாட்தான். எம்பிக் குதித்து, உச்சியில் இருக்கும் அந்தக் கணத்தில் மணிக்கட்டை மடித்துப் பந்தை விடும் அழகு! ஆனால் இந்த ஆட்டம் பிறந்தபோது அது கூடப் பிறக்கவில்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் 10 அடி உயரத்தில் பழக்கூடைகளை மாட்டினார். அதன்பின் 40 ஆண்டுகளுக்கு மேல் காலைத் தரையில் ஊன்றி, இரு கைகளாலும் பந்தை எறிவதே முறையாக இருந்தது.

அந்த முறையைப் பெரிய மேடையில் முதலில் அசைத்தவர் ஹேங்க் லூசெட்டி. 1936 டிசம்பர் 30 அன்று, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொடர்ந்து 43 ஆட்டங்களில் வென்றிருந்த லாங் ஐலண்ட் பல்கலைக்கழக அணியை அவருடைய ஸ்டான்ஃபோர்டு அணி 45-31 என்று வீழ்த்தியது. லூசெட்டி ஓடிக்கொண்டே ஒற்றைக் கையால் எறிந்தார். இதைக் கற்றுக்கொடுத்துத்தான் ஜெயிக்க வேண்டுமென்றால் தொழிலையே விட்டுவிடுவேன் என்று கொதித்தார் புகழ்பெற்ற பயிற்சியாளர் நேட் ஹோல்மன். பையன்களோ அதைப் பழகத் தொடங்கினார்கள்.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, வயோமிங் மாநிலத்தின் ஒரு பண்ணையில், காற்றாலைக் கம்பத்தில் அடித்த இரும்பு வளையத்தின் கீழ் வேறொன்று நடந்தது. 13 வயது கென்னி செய்லர்ஸ் எறிந்த பந்தையெல்லாம் 6 அடி 5 அங்குல அண்ணன் பட் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். தம்பி பந்தைத் தட்டியபடி ஓடிவந்தான், சட்டென்று நின்றான், நேர் மேலே எம்பி, தலைக்கு மேலிருந்து எறிந்தான். தடுப்பவரும் எம்பலாம்தான். ஆனால் எப்போது எம்புவது என்பது எறிபவருக்கு மட்டுமே தெரியும். அந்த ஒரு நொடித்துளிதான் ஜம்ப் ஷாட்டின் உயிர்.

1943இல் செய்லர்ஸின் வயோமிங் அணி அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன் ஆனது. தொடரின் சிறந்த வீரரும் அவரே. 1946இல் லைஃப் இதழ் அவர் அந்தரத்தில் நிற்கும் படத்தை அச்சிட்டது. நேரில் பார்க்காத பையன்களும் இப்போது பார்த்துப் பழகலாம். அதே ஆண்டு தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த அவரிடம், இந்த எறி இங்கே செல்லாது என்றார் அவருடைய பயிற்சியாளர். அதே பருவத்தில், அதே லீக்கில், எம்பி எறியும் ஜோ ஃபுல்க்ஸ் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்!

ஃபிலடெல்ஃபியாவின் பால் அரிசினின் கதை இன்னும் ருசியானது. அவர் ஆடிப் பழகிய நடன அரங்குகளில் தரை வழுக்கும். ஊன்றினால் கால் சறுக்கியது. ஆகவே ஊன்றாமலே எறிந்தார். 1952இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் அதிகப் புள்ளிகள் குவித்தவர் அவர்தான். முதலில் எம்பியவர் யார் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. மிசூரியின் ஜான் கூப்பர் முதல் பலருக்கும் உரிமை கோருகிறார்கள். எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. ஒருவரையொருவர் அறியாத பலரை வெவ்வேறு தடைகள் தரையிலிருந்து கிளப்பின என்பதே எனக்கு வியப்பு.

மற்ற ஆட்டங்களும் அந்தரத்தை விட்டுவைக்கவில்லை. ஹேண்ட்பாலில் கோலின் முன்னுள்ள 6 மீட்டர் கோட்டைத் தாக்குபவர் மிதிக்கக் கூடாது. ஆனால் கோட்டுக்கு வெளியே எம்பி, தரையைத் தொடுமுன் எறிந்துவிட்டால் சரி. வாலிபால் சர்வீஸிலும் அதே சலுகை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பிரேசில் வீரர்கள் அதை ஆயுதமாக்கினார்கள்: கோட்டுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து எம்பி அறைந்து, களத்துக்குள் இறங்கினார்கள். வெள்ளிதான் கிடைத்தது, ஆனால் உலகமே அந்தச் சர்வீஸை நகலெடுத்தது. இன்று ஆண்கள் ஆட்டத்தில் அது மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. எதிரே நிற்பவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய அரை நொடி.