தோள்மூட்டு விலகல்: சொல்லும் சிகிச்சையும்

மனித உடலின் பெரிய மூட்டுகளுள் மிகுதியாக இடம் விலகுவது தோள்மூட்டே ஆகும். புயவெலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்தியிருப்பதே இதற்குக் காரணம். இவ்விலகலைக் குறிக்கும் சொற்களின் வரலாறு, அதனை மருத்துவர்கள் புரிந்துகொண்ட வரலாறாகவும் அமைகின்றது.

இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும், மூட்டுகள் பற்றிய கிரேக்க நூல், எலும்பு வெளியே 'விழுதல்' எனப் பொருள்படும் வினையை ஆள்கின்றது. தோளெலும்பு அக்குளை நோக்கி விலகுவதை மட்டுமே தாம் அறிந்ததாக அதன் ஆசிரியர் கூறுகின்றார். அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுக்கும் முறையும் அந்நூலில் இடம்பெறுகின்றது. சுசுருத சம்ஹிதை இதனைச் 'சந்திமுக்தம்', அதாவது மூட்டு விடுபடுதல் என்கின்றது. அதனை ஆறு வகையாகவும், எலும்பு முறிவைத் தனியே பன்னிரு வகையாகவும் பகுக்கின்றது. ஆங்கிலத்தின் 'டிஸ்லொகேஷன்' என்பதோ 'இடம்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது. ஆக, ஒரு மொழி வீழ்ச்சியையும், ஒரு மொழி விடுபடுதலையும், பிறிதொரு மொழி இடமாற்றத்தையும் முதன்மைப்படுத்தியுள்ளன.

சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர், 1870-இல் புதியதொரு முறையை வெளியிட்டார். முழங்கையை மடித்து உடலோடு அணைத்து, கையை வெளிப்புறம் திருப்பி, புயத்தை முன்னே உயர்த்தி, பின்னர் உட்புறம் திருப்புவது அம்முறை. 1895-இல் இராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த பின்னரே, எலும்புத் தலை விலகிய திசையையும் உடனிருக்கும் முறிவையும் உறுதியாகக் காண இயன்றது.

விலகிய எலும்பை மீளப் பொருத்துவதை ஆங்கிலம் 'ரிடக்ஷன்' என்கின்றது. மீண்டும் கொண்டுவருதல் என்பதே அதன் இலத்தீன் மூலப்பொருள். இதனைக் 'குறைப்பு' எனப் பெயர்த்தால், வீக்கத்தையோ வலியையோ குறைப்பதாக வாசகர் மயங்குவர். 'மீளப் பொருத்தல்' என்பதே பொருந்தும்.

தமிழ்ப் பேச்சுவழக்கில் 'பிசகு' எனும் சொல், சுளுக்கையும் மூட்டு விலகலையும் ஒருங்கே சுட்டுவதுண்டு. இம்மயக்கம் சொல்லளவில் நிற்பதன்று. விலகலைச் சுளுக்கெனக் கருதி உருவிவிடுவதாலோ வலிந்து இழுப்பதாலோ அக்குள் நரம்பு ஊறுபடக்கூடும். அறியப்படாத முறிவு மேலும் விலகவும் கூடும். ஆதலின், முதலுதவி நூல்களை மொழிபெயர்ப்போர் சுளுக்கு, விலகல், முறிவு என்னும் மூன்றையும் வேறுபடுத்தி ஆளுதல் இன்றியமையாதது. 'கையை அசைக்காது தாங்கிக்கட்டி மருத்துவரிடம் கொண்டு செல்க' என்னும் அறிவுரை, இவ்வேறுபாடு தெளிவாக இருந்தால்தான் உரியவரைச் சென்றடையும்.