கோலார்க் குழியும் பொட்டிபுரம் மலையும்: நியூட்ரினோ ஆய்வின் வழிமுறை பற்றி ஒரு மறுவாசிப்பு

தேனி மாவட்டம் பொட்டிபுரத்து மலைக்குள் அமையவிருந்த இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கோலார் தங்கவயலில்தான் கதையைத் தொடங்குகிறார்கள். கோலாரின் வாரிசே பொட்டிபுரம் என்ற இந்த வழிமுறையை அழுத்தமாக நிலைநாட்டியவர் கோட்பாட்டு இயற்பியலர் ஜி. ராஜசேகரன். கமுதியில் பிறந்து, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை கமுதியும் சிவகாசியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டமாக இருந்தவை என்பதால், எங்கள் சிவகாசிப் பக்கத்து மாணவர்களுக்கு அவர் எழுத்தின்மேல் தனிப் பற்று உண்டு. எனக்கும் உண்டு. ஆயினும் அவர் வாசிப்பின் நடுப்பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை.

அவருடைய வாதம் மூன்று படிகளில் செல்கிறது. வளிமண்டல நியூட்ரினோ முதன்முதலில் 1965இல் கோலாரில் பிடிபட்டது; சுரங்கம் மூடப்பட்டதால் அந்த முன்னிலை கைநழுவியது; புதிய ஆய்வகம் அதை மீட்டுத் தரும். முதற்படி பாதி சரி. மூன்றாவது, நடந்தால் தெரியும். இரண்டாவது படியில்தான், அதாவது கோலார் போனதால் பொட்டிபுரம் பிறந்தது என்ற இடத்தில்தான், வரலாறு தடம் மாறிவிடுகிறது. இதைக் காட்ட முதற்படியிலிருந்தே தொடங்க வேண்டும்.

1965இல் இரண்டு குழுக்கள் ஒரே தேடலில் இருந்தன. ஒன்று, கோலாரின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து வைத்த கருவி. மற்றது, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கத்தில் 3.2 கிலோமீட்டர் ஆழத்தில் ஃபிரெடரிக் ரைன்ஸ் குழு வைத்தது. 1956இல் கோவனோடு சேர்ந்து சவன்னா ரிவர் அணு உலையின் பக்கத்தில் நியூட்ரினோவை முதலில் கண்டவர் இதே ரைன்ஸ்தான்.

இரு குழுவின் கட்டுரைகளையும் அருகருகே வைத்து, முதற்பக்கத்தில் உள்ள தேதிகளை மட்டும் படித்தாலே போதும். கோலார்க் கட்டுரை ‘பிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழுக்கு வந்து சேர்ந்தது ஜூலை 12. வெளியானது ஆகஸ்ட் 15. ஆசாரில் தொடங்கி உல்ஃபெண்டேலில் முடியும் பதினோரு பெயர்கள். மேனன், நரசிம்மம், ரமண மூர்த்தி, ஸ்ரீகாந்தன், மியாகே எல்லாரும் அதில் உண்டு. ரைன்ஸ் குழுவின் கட்டுரை ‘பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்’ இதழுக்கு வந்தது ஜூலை 26. வெளியானது ஆகஸ்ட் 30. இரண்டு வாரம் கோலார் முந்துகிறது. ஆனால் ரைன்ஸ் குழுவின் முதல் நிகழ்வு பதிவானது பிப்ரவரி 23. கோலார்க் கருவி பதிவைத் தொடங்கியதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காலம் மார்ச் இறுதி. கருவி கண்டதை வைத்துப் பார்த்தால் தென்னாப்பிரிக்கா முதல். அச்சில் வந்ததை வைத்துப் பார்த்தால் கோலார் முதல். ‘முதன்முதலில் பிடிபட்டது’ என்று எழுதும்போது ராஜசேகரன் இரண்டாவது கணக்கை எடுத்துக்கொண்டு முதல் கணக்கின் சொல்லைப் பயன்படுத்துகிறார். அறிவியல் வரலாற்றில் வெளியீட்டுத் தேதிக்கு மதிப்புண்டு என்பதால் இதைப் பிழை என்று சொல்லமாட்டேன். முன்னுரிமையை எந்தத் தேதியால் அளப்பது என்பதற்கு இன்றுவரை ஒருமித்த விடை இல்லை. நானும் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

எனக்கு முக்கியம் வேறொன்று. அந்த ஆழத்துக்குப் போனவர்கள் எப்படிப் போனார்கள்? 1950களின் தொடக்கத்திலிருந்தே ஸ்ரீகாந்தனும் அவருடைய தோழர்களும் கோலாரில் மட்டத்துக்கு மட்டம் இறங்கி, ஆழம் கூடக்கூட, மேலிருந்து வரும் மியூவான் துகள் எவ்வளவு குறைகிறது என்று அளந்து வந்தார்கள். 2,760 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. வேறு எந்தப் பரிசோதனைக்கும் அது தோல்வியாக இருந்திருக்கும். இவர்களுக்கோ அந்த வெறுமையே வழிகாட்டியது: மேலிருந்து வரும் துகள் எல்லாம் பாறையில் அடங்கிவிடுகிறது என்றால், பக்கவாட்டில் சாய்ந்து வரும் எந்தத் தடமும் நியூட்ரினோ பாறையில் மோதிப் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். இந்திய இயற்பியலின் மிக நேர்த்தியான சிந்தனைகளில் இது ஒன்று என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் அந்தக் குழியை வெட்டியது இயற்பியல் அல்ல. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கத்துக்காக வெட்டியது. வெட்டிய கைகள் பெரும்பாலும் வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து போன ஒடுக்கப்பட்ட மக்களுடையவை. பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட் விபத்துகளில் அவர்கள் மாண்டார்கள். விஞ்ஞானிகள் இறங்கிய கூண்டும் சுவாசித்த காற்றும் விளக்கெரித்த மின்சாரமும் சுரங்கத்தினுடையவை. ஆய்வு அங்கே ஒரு விருந்தாளி. எந்த ஊராரிடமும் அது அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பாறை உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் அதைத் தொடவில்லை. சுரங்கச் சட்டம் சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டது. இந்த ஏற்பாட்டைத்தான் வழிமுறைக் கதை மறைத்துவிடுகிறது.

அடுத்து, காலம். கோலார் மூடப்பட்டதால் புதிய ஆய்வகம் தேவைப்பட்டது என்ற வரிசைக்கு ஒரு தேதிச் சிக்கல் இருக்கிறது. ஆய்வகத் திட்டத்தாரின் சொந்த அறிக்கைகளே இந்தியாவில் ஒரு நியூட்ரினோ ஆய்வகம் பற்றிய பேச்சு 1989இலேயே எழுந்தது என்கின்றன. அது மறுபடி எழுந்தது 2000 ஜனவரியில், சென்னையில் நடந்த துகள் இயற்பியல் பயிலரங்கில். நிறுவனங்களுக்கிடையே புரிந்துணர்வு ஒப்பந்தம் 2002 ஆகஸ்டில். கோலாரில் 140 டன் எடைகொண்ட புரோட்டான் சிதைவுக் கருவி 1980இல் இயங்கத் தொடங்கி, 1990களின் தொடக்கம் வரை வேலை செய்தது. சுரங்கம் முழுதாக மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28. ஆக, முதல் பேச்சு எழுந்தபோது கோலார் உயிரோடுதான் இருந்தது. 1989இல் பேசப்பட்டது என்ன, அது கோலாருக்குள்ளேயே ஒரு பெரிய கருவியா, வேறிடமா என்பதைக் காட்டும் கூட்டக் குறிப்பு கிடைத்தால் என் வாதம் உறுதிப்படும், அல்லது உடையும். இப்போதைக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: மூடலுக்கும் பிறப்புக்கும் இடையே ராஜசேகரன் காணும் காரணகாரியம், தேதிகளால் கட்டாயப்படுத்தப்பட்டதன்று.

முதலில் தேர்ந்த இடம் என் வாசிப்புக்கு வலுச்சேர்க்கிறது. நீலகிரியில் மசினகுடிக்கு அருகே சிங்காரா. அங்கே பைக்காரா புனல்மின் திட்டத்துக்காக மலைக்குள் மின்நிலையமே கட்டியிருந்தார்கள். பாறை பழகிய பாறை, சுரங்கப் பாதை வெட்டிய கைகள் பக்கத்தில். மறுபடியும் விருந்தாளியாகப் போகவே விஞ்ஞானிகள் விரும்பினார்கள். 2009 நவம்பரில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் முதுமலைப் புலிகள் காப்பகத்தையும் யானை வழித்தடத்தையும் காரணம் காட்டி அதை மறுத்து, தேனிப் பக்கம் சுருளியாற்றைப் பார்க்கச் சொன்னார். அங்கும் காடு குறுக்கே நிற்க, போடி மேற்கு மலையும் பொட்டிபுரமும் வந்தன. இங்கே ஏற்கெனவே குழி இல்லை. எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறைப் போர்வைக்குள், சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குத் தானே குடைந்து போக வேண்டும். விருந்தாளி வீட்டுக்காரன் ஆனது இங்கேதான். வழிமுறை அறுபடும் இடமும் இதுவே என்பது என் முடிவு.

வீட்டுக்காரனுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் வேண்டும். எந்தப் பெயர் என்பதைக் காட்டும் ஒரே ஒரு குறிப்பைச் சற்று விரித்துப் படிக்க விரும்புகிறேன்.

2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் 1(அ) சுரங்கம். 1(உ) அணுமின் திட்டங்களும் அணு எரிபொருள் பதப்படுத்தலும். 8(அ) கட்டடங்களும் கட்டுமானங்களும், 20,000 சதுர மீட்டர் முதல் 1,50,000 சதுர மீட்டர் வரை. 50,000 டன் காந்த இரும்பும், 5.6 சென்டிமீட்டர் கனத் தகடுகளுக்கிடையே செருகிய ஏறத்தாழ 29,000 துகள் உணரிகளும் கொண்ட ஒரு நிலவறை 8(அ)வில் வைக்கப்பட்டது. நகரத்தில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்பு எந்த வரியில் வருகிறதோ அதே வரி.

இதைச் சூழ்ச்சி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கருவி எதையும் எரிப்பதில்லை, உமிழ்வதில்லை. வானத்திலிருந்து வருவதைப் பதிவுசெய்கிறது. எனவே 1(உ) பொருந்தாது. கனிமம் விற்பனைக்கு வெட்டப்படவில்லை, 1(அ)வும் பொருந்தாது. மிஞ்சியது 8(அ). ஆனால் வரிசை எண்ணோடு அதன் விளைவும் கூடவே வருகிறது: கட்டுமானத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு சட்டப்படி கட்டாயம் இல்லை. திட்டத்தார் ஊராரோடு பேசவில்லை என்று நான் சொல்லவில்லை, பலமுறை பேசினார்கள். தாமாகப் பேசுவதும் சட்டம் பேசவைப்பதும் ஒன்றல்ல. 2011 ஜூனில் கிடைத்த சுற்றுச்சூழல் அனுமதியை 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு நிறுத்தி வைத்தபோது, கேள்வி துகள் இயற்பியல் பற்றியதாக இருக்கவில்லை. மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் வருகிறதே, அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்ததா என்பவையே கேள்விகள். 2018 மார்ச்சில் மத்திய நிபுணர் குழு மறுபடி ஆராய்ந்து, அட்டவணையில் நேரடியாகப் பொருந்தாத இதைத் தனிநேர்வாக எடுத்துக்கொண்டு, 8(அ)வின் கீழேயே அனுமதிக்குப் பரிந்துரைத்தது. பொருந்தாது என்று ஒப்புக்கொண்டே பொருத்திய இந்தக் குறிப்புதான், என் பார்வையில், முழு விவகாரத்தின் திறவுகோல்.

சிவகாசி வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் கனம் சொல்லாமலே விளங்கும். இங்கே ஒரு பட்டாசு ஆலையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் முதல் கேள்வியே அது என்ன லைசென்ஸ் என்பதுதான்: மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸா, சென்னை லைசென்ஸா, நாக்பூர் லைசென்ஸா. எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதும் என்னென்ன சரக்குச் செய்யலாம் என்பதும் அந்த ஒரு பதிலில் அடங்கிவிடும். ஒரு அறைக்கு நாலு பேர், அறைக்கும் அறைக்கும் இத்தனை மீட்டர் என்பதெல்லாம் விதியில் உள்ளவை. வெடிபொருள் விதிகளில் பட்டாசு ஏழாம் வகுப்பு. பாறை பிளக்கும் நைட்ரேட் கலவை இரண்டாம் வகுப்பு. பொருள் எது என்பதற்கு முன்னால் அது எந்த வகுப்பு என்று கேட்பது எங்கள் ஊரில் பழக்கம். உயிர்ப் பலிகள் கொடுத்துக் கற்ற பழக்கம். வேதியியலில் குற்றமே இல்லாத மருந்துகூட, தவறான லைசென்ஸின் கீழ்த் தவறான அறையில் இருந்தால் ஆளைக் கொல்லும்.

இந்தக் கண்ணோடு பொட்டிபுரத்துக்கு எதிரான வாதங்களைப் படித்தால் வலுவானது எது, மெலிந்தது எது என்று பிரித்துவிடலாம். ஆய்வகம் கதிர்வீச்சைப் பரப்பும் என்ற அச்சத்துக்கு இயற்பியலில் இடமில்லை. நியூட்ரினோ நம் உடலைக் கணந்தோறும் கோடானுகோடியாகத் துளைத்துப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சார்னோக்கைட் பாறையை ஆண்டுக்கணக்கில் வெடிவைத்து உடைப்பது பற்றிய கேள்வி வேறு. முல்லைப் பெரியாறு, இடுக்கி அணைகள் அதிருமா என்று கேட்டவர்களுக்கு, அதிர்வு தூரத்தோடு விரைவில் தணிந்துவிடும் என்று திட்டத்தார் சொன்னது அறிவியல்படி சரியான விடை. ஆனால் வீடுகளுக்கு அதிர்வு வரம்பு சொல்லும் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே நொடிக்கு 5 மில்லிமீட்டர் என்று வரையறுப்பது, சுரங்கங்களுக்கானது. சுரங்கமும் அல்லாத, அணுத் திட்டமும் அல்லாத, பெயரளவில் கட்டடமான ஒன்றுக்கு எந்த அளவுகோல்? கோலாரில் இந்தக் கேள்விக்குச் சுரங்கமே விடையாக இருந்தது. வழிமுறைக் கதையை நம்பியவர்களுக்கு இந்தக் கேள்வி எழவே இல்லை என்பதுதான் என் மனக்குறை. பொட்டிபுரத்தில் நம்பிக்கை உடைந்ததற்கு அறியாமையைவிட இதுவே பெரிய காரணம் என்று கருதுகிறேன். இதற்கு நேரடிச் சான்று குறைவு. ஆனாலும் வழக்குகளின் வரிசை அந்தப் பக்கமே சாய்கிறது. மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. சிவகாசித் தொகுதியின் முன்னாள் மக்களவை உறுப்பினர் வைகோ தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் பணி தொடங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே ஆண்டு மார்ச்சில் சொன்னது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தபோது முன்வைத்தது புலிகளின் வழித்தடத்தை. எந்த வழக்கும் நியூட்ரினோவைத் தோற்கடிக்கவில்லை. அனுமதிச் சீட்டில் எழுதிய பெயரே ஒவ்வொரு முறையும் கேள்விக்குள்ளானது.

இதற்கிடையே சீனத்தின் ஜூனோ கருவி 2025 ஆகஸ்டில் பதிவைத் தொடங்கிவிட்டது. 53 கிலோமீட்டர் தொலைவிலுள்ள யாங்ஜியாங், தைஷான் அணு உலைகளிலிருந்து வரும் நியூட்ரினோக்களை வைத்து, பொட்டிபுரம் தேடவிருந்த நிறை வரிசையையே, அதாவது நியூட்ரினோ வகைகளில் எது கனம், எது லேசு என்பதையே, அது வேறு வழியில் தேடுகிறது. மியூவானின் நேர்மின்னையும் எதிர்மின்னையும் காந்தப் புலத்தால் பிரித்துப் பார்க்கும் திறன் ஜூனோவுக்கு இல்லை. அந்த வகையில் இந்திய வடிவமைப்பு இன்னும் பொருளிழந்துவிடவில்லை. அதன் 85 டன் முன்மாதிரி மதுரையில் தரைமட்டத்தில் இருந்துகொண்டு மியூவான்களைப் பதிவுசெய்திருக்கிறது. அதற்கு மலை தேவைப்படவில்லை; முழுக் கருவிக்குத் தேவைப்படும். அட்டவணையில் அப்படிப்பட்ட நிலவறைக்கென்று இன்றளவும் ஒரு வரி சேர்க்கப்படவில்லை.